வலப் பக்கத்துக் கொக்கு

ஸ்ட்ரூயர்
14 ஜனவரி 2018

அன்புள்ள ஹோல்கர்,

உறையின் மேல் இருக்கும் கோணல் எழுத்தைப் பார்த்து, இது யாருடையது என்று யோசித்திருப்பாய். என்னுடையதுதான். எய்னரே எழுதுகிறேன். பக்கத்தில் யாரும் இல்லை. இந்த நாலு வரிக்கு ஒரு குவளை காபி ஆறிவிட்டது.

போன செப்டம்பரிலிருந்து எழுதப் படிக்க ஒரு வகுப்புக்குப் போய்வருகிறேன். சனிக்கிழமைப் போனில் உளறிவிடக் கூடாது என்று நாலு மாதமாக நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன். என்னிடம் இருப்பது மந்தம் இல்லையாம், சொற்குருடாம், டிஸ்லெக்சியா என்கிறார்கள். இதைப் பள்ளிக்கூடத்தில் அன்றைக்கே சொல்லியிருந்தால் என் காது அத்தனை முறை திருகப்பட்டிருக்காது. வகுப்பில் டீச்சர் அன்னலிசெ, "அவசரப்படாதீங்க எய்னர், எழுத்து எங்கயும் ஓடிப் போகாது" என்றாள். "எனக்கு ஓடிப் போயிருக்கே, அறுபத்தஞ்சு வருஷமா!" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

கிறிஸ்துமசுக்கு முன்னால் ஒரு முழுப் பக்கம் வாசித்தேன். அன்றைக்கு, பிறந்த நாளுக்கு ஏற்றுவது போல, வாசலில் கொடி ஏற்றினேன். தபால்காரர் நின்று, "யாருக்குப் பிறந்த நாள்?" என்று கேட்டார். "எனக்குத்தான், வயசு ஒரு நாள்" என்றேன்.

சரி, இப்போது பொறாமைக்கு வருகிறேன். போன வாரம் நீ வாங்கியதாகச் சொன்ன நார்வே டேப் ரெக்கார்டரால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. உன் சேகரிப்பில் இருபத்து மூன்று பழைய கருவிகள். என்னிடம் ஒன்றரை. ஒரு ரேடியோ ஆம்ப்ளிஃபயர், ஜோடியில் பாதியாக ஒரு ஸ்பீக்கர். உனக்கு எப்போதும் பேப்பர் முதலில் கிடைத்தது. நான் வாசிக்க ஆள் தேடுவதற்குள் பொருள் உன் காரில் ஏறியிருக்கும். இனிமேல் நீ போனில் விளம்பரம் வாசித்துக் காட்ட வேண்டாம். நானே பேப்பர் வாங்குகிறேன். ஜாக்கிரதை!

ஒரு ஆசை இருக்கிறது. அந்த ஸ்பீக்கரின் ஜோடியைத் தேடி 1987இல் பேப்பரில் விளம்பரம் போட்டோமே, உன் சமையலறையில் நான் சொல்லச் சொல்ல நீ எழுதினாயே, அதை வாசிக்க வேண்டும். என் வாழ்நாளில் அச்சில் வந்த என் வார்த்தைகள் அவை மட்டும்தான். நானே இன்னும் அவற்றைப் பார்த்ததில்லை.

உன்
எய்னர்
(பெயருக்குப் பக்கத்தில் வழக்கமான மீன் படமும் வரைந்திருக்கிறேன். பழக்கம் போகாது.)


ரன்னே, பொர்ன்ஹோம்
2 பிப்ரவரி 2018

அன்புள்ள எய்னர்,

கடிதம் கிடைத்தது. வாழ்த்துகள். எழுத்துப் பிழை ஆறுதான். ரேடியோ ஆலையில் நம் மேலாளர் இதைவிட மோசமாக எழுதுவார்.

இரண்டு சனிக்கிழமைகளாக நீ கூப்பிடவில்லை. பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாருக்கு வாசிப்பது என்று தெரியவில்லை. பரவாயில்லை.

அந்த விளம்பரத்தைத் தேடி அலையாதே. எந்த வருடம் என்பதே எனக்கு நிச்சயமில்லை. பழைய பேப்பரின் எழுத்து பொடிப்பொடியாக இருக்கும், கண்ணுக்குக் கேடு. ஸ்பீக்கரும் வரவே இல்லை. அதை வாசித்து என்ன ஆகப் போகிறது? வேறு நல்லதாக ஏதாவது வாசி.

இங்கே பனிக்காற்று. படகு இரண்டு நாள் ஓடவில்லை. புகை போட்ட ஹெரிங் மீன் அனுப்புகிறேன்.

அன்புடன்,
ஹோல்கர்


ஸ்ட்ரூயர்
11 மார்ச் 2018

அன்புள்ள ஹோல்கர்,

மீன் வந்தது. கம்பு ரொட்டியில் வைத்துச் சாப்பிட்டேன். உன் பேச்சைக் கேட்காமல் நூலகத்துக்கும் போனேன்.

பழைய பேப்பரையெல்லாம் படச்சுருளாக வைத்திருக்கிறார்கள். ஒரு இயந்திரத்தில் மாட்டித் திருகினால் திரையில் பெரிதாகத் தெரிகிறது. கண்ணுக்குக் கேடே இல்லை. திருகுவதற்கு நம் பழைய ரேடியோவில் ஸ்டேஷன் பிடிப்பது போலவே இருக்கிறது. கை தானாகவே மெதுவாகப் போகிறது. நூலகர் யெட்டெ பின்னால் வந்து நின்று, "எல்லாரும் சர்ருனு திருகி, சுருளை அறுத்துடறாங்க. நீங்க என்ன இப்படித் தடவுறீங்க?" என்றாள். "நாற்பது வருஷம் மரத்தைத் தடவின கைம்மா" என்றேன்.

ஏப்ரல் 1987இலிருந்து தொடங்கியிருக்கிறேன். சனிக்கிழமை விளம்பரம் மட்டும்தான். ஒரு நாளைக்கு ஒரு சனிக்கிழமை, அதற்கே மூன்று மணி நேரம். ஹோல்கர், என்னென்ன விற்றிருக்கிறார்கள்! தேக்கில் ஒரு ரேடியோ, இழுத்து நகர்த்தும் அலுமினியக் குமிழ்கள், "புதிது போல" என்று போட்டிருக்கிறது. "இந்த வாரம் ஒண்ணும் இல்லப்பா" என்று போனில் சொன்னது நீதானே? சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறேன். ஆனாலும் எரிகிறது.

இன்றைக்கு என் ஸ்பீக்கரைத் துடைத்தேன். உனக்கு நினைவிருக்கும். 1971இல் ஆலையில் நான் ஒட்டிய ஜோடி. ஒரே ஈட்டி மரத்தின் அடுத்தடுத்துச் சீவிய இரண்டு மெல்லிய வெனீர்த் தகடுகள். அவற்றைப் புத்தகம் போல் திற என்பார் ஃபோர்மன். நான் திறந்த ஒரே புத்தகம் அதுதான். திறந்தால் ரேகையில் இரண்டு கொக்குகள், ஒன்றை ஒன்று பார்த்தபடி. மற்றவர்கள் பெட்டிக்குள் பென்சிலால் பெயர் எழுதுவார்கள். எனக்கு எழுத வராது என்பதால் மீன். பதினாறு வருடம் கழித்து ஹோல்ஸ்டெப்ரோ பழஞ்சந்தையில் இடது பெட்டி மட்டும் கிடைத்தது. ஜோடியை வாங்கியவர் வீட்டில் அப்பா செத்ததும் அண்ணனும் தங்கையும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்களாம். ஸ்பீக்கர் ஜோடியைப் பிரிப்பவர்களை என்ன சொல்ல?

மரம் அறுக்கும் இயந்திரத்தின் இரைச்சலில் என் வலது காது செவிடானது உனக்குத் தெரியும். அதனால் இடது பெட்டியே எனக்குப் போதும் என்று என் வீட்டுக்காரி தோவெ கேலி செய்வாள். செத்துப் போன பிறகும் அவள் குரல் அந்த இடது பக்கத்திலிருந்துதான் வருகிறது.

நாளைக்கு மே மாதம் திருகப் போகிறேன்.

உன்
எய்னர், மீன்


ஸ்ட்ரூயர்
25 மார்ச் 2018

ஹோல்கர்,

கிடைத்தது. 23 மே 1987, ஏழாம் பக்கம், மூன்றாம் பத்தி. அப்படியே எழுதுகிறேன்.

"தேவை: ஈட்டி மர ஸ்பீக்கர், வலப் பக்கம், ஒற்றை. மரத்தின் ரேகையில் இடது பார்த்த கொக்கு. உள்ளே பென்சிலில் மீன். நல்ல வீடு காத்திருக்கிறது."

நான் சொன்னபடியே எழுதியிருக்கிறாய். ஒரு வார்த்தை மாறவில்லை. நாலு தடவை வாசித்தேன். யெட்டெயைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கை தட்டினாள்.

அப்புறம்தான் கீழே இருந்த போன் எண்ணைப் பார்த்தேன். எண்கள் எனக்கு எப்போதும் தெரியும். அது என் எண் இல்லை. ஸ்ட்ரூயரில் நீ இருந்தபோது சனிக்கிழமைதோறும் நான் சுழற்றிய எண். விரலுக்கே மனப்பாடம்.

பொர்ன்ஹோமில் உன் வீட்டுக்கு இரண்டு முறை வந்திருக்கிறேன். இரண்டு முறையும் மாடியறையில் ஈரம், போகாதே என்றாய். தெருவிலிருந்து பார்த்தால் அதன் சன்னலில் கனமான திரைச்சீலை. ஈரமான அறையில் யாராவது வெயிலை மறைப்பார்களா?

விளம்பரத்தைப் பார்த்து யார் கூப்பிட்டார்கள்? அது மட்டும் எழுது.

எய்னர் வெஸ்டெர்கோ


ஸ்ட்ரூயர்
6 மே 2018

ஹோல்கர்,

ஆறு வாரமாகிவிட்டது. தினமும் தபால்காரரை எதிர்கொண்டு போகிறேன். "இன்னிக்கும் இல்லையே எய்னர், காதலியா?" என்று கேட்டார்.

வாசிக்கத் தெரியாமல் இருந்தபோது, வராத கடிதத்துக்காக நான் ஒரு நாளும் காத்திருந்ததில்லை. அந்தச் சுகம் போயிற்று.

எய்னர்


ரன்னே
20 மே 2018

அன்புள்ள எய்னர்,

லெம்விக்கிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். விளம்பரம் வந்த மூன்றாவது சனிக்கிழமை. ஜோடியைப் பிரித்துக்கொண்ட அந்தத் தங்கைதான்.

என் எண்ணைப் போட்டது உனக்காகத்தான். கூப்பிடுகிறவர்கள் விலாசம் சொன்னால் உன்னால் குறித்துக்கொள்ள முடியாதே என்று நினைத்தேன். இதை நீ நம்ப வேண்டியதில்லை. பெட்டியை உனக்கென்றுதான் வாங்கினேன். காரில் பின்னிருக்கையில் வைத்து, போர்வை போர்த்தி, உன் வீட்டை நோக்கித்தான் ஓட்டினேன். வழியில் நிறுத்தினேன். அதே பெட்டிதானா என்று பார்க்கப் பின்பலகையைக் கழற்றினேன். உள்ளே மீன் இருந்தது. நேற்று வரைந்தது போல.

ஆலையில் முப்பது வருடம் அனுப்புப் பிரிவில் இருந்தேன். வெளியே போன ஒவ்வொரு பெட்டியோடும் என் கையெழுத்து போட்ட சீட்டு போயிற்று. பெட்டியைப் பிரித்தவர்கள் அட்டையோடு அதைக் குப்பையில் போட்டார்கள். உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான வீடுகளில் உன் மீன் நீந்துகிறது. என் பெயர் ஒரு வீட்டில்கூட இல்லை. எழுதத் தெரிந்தவன் நான்.

நீ என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஒவ்வொன்றின் பக்கவாட்டையும் தடவி, "இது என்னுது, இதுவும் என்னுது" என்பாய். இருபத்து மூன்றில் ஒன்பதில் உன் மீன். பொறாமை உனக்கு மட்டும்தான் என்று நினைத்தாயா? உன் வயிறு வெளியே எரிந்தது. என்னுடையது உள்ளே.

ஒரு வாரம் வைத்திருந்து கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். இரண்டாவது வாரம் சொல்வதற்குக் காரணம் வேண்டியிருந்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு எந்தக் காரணமும் போதவில்லை. எதனோடும் அதை இணைத்ததில்லை. ஒரு பாட்டும் கேட்டதில்லை.

உன் முதல் கடிதம் வந்தபோது, சந்தோஷத்துக்கு முன்னால் பயம்தான் வந்தது.

பெட்டியை நாளைப் படகில் அனுப்புகிறேன். சீட்டும் உண்டு. முறைப்படி நிரப்பியிருக்கிறேன். நான் கையெழுத்திடும் கடைசி அனுப்புச் சீட்டு.

மன்னிப்புக் கேட்கும் வாக்கியத்தை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். எழுதத் தெரிவதால் எல்லாம் வந்துவிடுவதில்லை.

ஹோல்கர்


ஸ்ட்ரூயர்
17 ஜூன் 2018

ஹோல்கர்,

பெட்டி வந்து மூன்று வாரமாயிற்று. பதில் எழுத இவ்வளவு நாள் ஆனது நான் மெதுவாக எழுதுகிறவன் என்பதால் மட்டும் இல்லை. முதல் வாரம் அட்டையைப் பிரிக்கவே இல்லை. அதைத் தாண்டித் தாண்டிச் சமையலறைக்குப் போய் வந்தேன். முட்டிக்காலில் இடித்துக்கொண்டு உன்னைத் திட்டினேன். நல்ல திட்டுகள். எழுதினால் ஆறு பிழைக்கு மேல் வரும்.

இரண்டாவது வாரம் பிரித்து என் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். கொக்குகள் ஒன்றை ஒன்று பார்த்தன. நான் அழுதிருக்க வேண்டும். அழவில்லை. பொறாமைதான் வந்தது. என் கொக்கு சன்னல் வெயிலில் வெளுத்து டீத்தண்ணீர் நிறமாகிவிட்டது. உன்னுடையது கறுப்புச் செர்ரி போல மின்னுகிறது. வருடா வருடம் எண்ணெய் போட்டிருக்கிறாய். நார் போகும் திசையில், மெல்லிய துணியால், மிச்ச எண்ணெயைத் துடைத்தெடுத்து. நான் ஆலையில் உனக்குச் செய்து காட்டியபடியே. திருடியவன் என்னைவிட நன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான்! இதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

பின்பலகையைக் கழற்றினேன். மீன் இருந்தது. அட்டையோடு வந்த உன் சீட்டை நான் குப்பையில் போடவில்லை. மீனுக்குப் பக்கத்தில் பசை போட்டு ஒட்டிவிட்டேன். ஹோல்கர் ப்ரோண்டும், அனுப்புப் பிரிவு. நல்ல மரப்பசை. நம் இருவருக்கும் பிறகு யார் திறந்தாலும் அதைப் பிய்க்க முடியாது. முழுதாக வாசித்துவிட்டுத்தான் ஒட்டினேன்.

முந்தாநாள் இரண்டையும் இணைத்தேன். இசைத்தட்டு வைத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். இடது பெட்டி பாடியது. வலது பெட்டியும் பாடியிருக்க வேண்டும். அதன் முன்துணியில் கை வைத்தால் துடிப்பு தெரிகிறது. ஆனால் என் வலது காதுக்கு அது வெறும் மரம், இடது காதில் இரண்டும் ஒன்றாகக் குழம்பி விழுகின்றன. முப்பத்தொரு வருடம் நான் எதற்காக வயிறு எரிந்தேனோ, அது வந்து சேர்ந்துவிட்டது, எனக்குத் தனியாகக் கேட்கவில்லை. தோவெ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

உன்னை மன்னித்தேன் என்று எழுதலாமா என்று அன்னலிசெயிடம் கேட்டேன். "அது உண்மைன்னா எழுதுங்க" என்றாள். அதனால் எழுதவில்லை. இன்னும் முழுக்க உண்மையாகவில்லை.

அதற்குப் பதில் பேப்பரில் ஒரு விளம்பரம் போட்டிருக்கிறேன். நானே எழுதியது. உங்கள் தீவுப் பேப்பரில்தான் போட்டேன், இங்கே இல்லை. அடுத்த சனிக்கிழமை வரும். நீ சனிக்கிழமை விளம்பரம் தவறவிடாதவன். இருந்தாலும் பிழை இருக்கிறதா என்று பார்க்க இங்கேயும் எழுதுகிறேன்.

"தேவை: நன்றாகக் கேட்கும் வலது காது, ஒற்றை. ஞாயிறு மதியங்களில் ஒரு கிழவனின் வலப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பெட்டி என்ன பாடுகிறது என்று சொல்ல. காபியும் ஏலக்காய் பன்னும் உண்டு. எண்ணெய் போடத் தெரிந்தால் நல்லது. தாமதமாக வந்தாலும் பாதகமில்லை."

கீழே எண் இருக்கிறது. இந்த முறை என் எண்.

எய்னர், மீன்