கூப்பிடாத கட்டில்

மார்ச் 4, திங்கள்

இன்று நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் இருமல் மருந்துப் பெட்டி ஒன்று கீழே விழுந்து உடைந்து, தரையெல்லாம் பிசுபிசுப்பு. துடைத்துத் துடைத்து முட்டி விட்டுப்போயிற்று. அந்த எரிச்சலோடு வீட்டுக்கு வந்தால், தம்பி எனக்கு முன்னால் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறான்.

“ஆபீஸை மூடறாங்கக்கா. மாசக் கடைசியோட.”

வீடு மாற்றித் தரும் கம்பெனியில் அவன் மதிப்பீடு போடுகிறவன். ஒரு வீட்டைச் சுற்றிவந்து இத்தனை சாமான், இவ்வளவு பெரிய லாரி என்று சொல்லிவிடுவான். பதினாறு வருஷமாக ஊரார் வீட்டைக் காலி செய்தே சம்பாதித்தான். இப்போது எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டது. பெரிய நகரத்தில் தலைமை அலுவலகத்துக்குப் போனால் வேலை உண்டு, இல்லாவிட்டால் இல்லை. சம்பளம் கொஞ்சம் கூடுமாம். விலைவாசி எவ்வளவு கூடும் என்று யாரும் சொல்லவில்லை.

தம்பி மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். “அக்கா கணக்குப் போட்டுப் பாக்கட்டும்” என்றாள். இந்த வீட்டில் வழக்கம் அதுதான். அப்பாவும் அம்மாவும் போனபோது அவனுக்குப் பதினொரு வயது, எனக்கு இருபத்திரண்டு. அன்றிலிருந்து இந்த வீட்டில் கணக்கு நான்தான்.

மார்ச் 6

விசாரித்தேன். அங்கே ஓர் அறையும் சமையலறையும் உள்ள வீட்டு வாடகையில் இங்கே நாங்கள் நால்வரும் மாசம் முழுக்கச் சாப்பிடுகிறோம்.

மார்ச் 10, ஞாயிறு

உட்கார்ந்து போட்டுவிட்டேன். அவன் சம்பளம் நாற்பதாயிரம் ஆகும். ஓர் அறை வீடு பதினெட்டு. இரண்டு அறை வீடு இருபத்தேழு. தம்பி மகள் வாலுவின் பள்ளிக்கூடம், பஸ், தண்ணீர் — அங்கே தண்ணீரும் காசாம் — எல்லாம் எழுதினேன்.

இங்கே மருந்துக்கடையில் நான் வாங்கும் சம்பளம் அங்கே கிடைக்காது. கடைக்காரம்மாவிடம் கேட்டேன். “அங்கெல்லாம் படிச்சு சர்டிபிகேட் வெச்சிருந்தாத்தான் கவுன்டர்ல நிக்க விடுவாங்க” என்றார். பத்தொன்பது வருஷம் டாக்டர் கிறுக்கலைப் படித்ததற்கு யாரும் சான்றிதழ் தரவில்லை. ஐம்பது வயதில் போய்ப் பாத்திரம் தேய்க்கலாம், முட்டி சம்மதித்தால். ஆக, அங்கே நான் வெறும் வயிறு.

என்னையும் சேர்த்து, இரண்டு அறை வீடு என்று போட்டால், மாசாமாசம் ஒன்பதாயிரம் துண்டு விழுகிறது. ஒரே அறையில் நான்கு பேர் முடங்க முடியாதா? முடியும். கொஞ்ச நாளைக்கு. வாலுவுக்கு ஒன்பது வயசாகிறது. தம்பி மனைவி வாயைத் திறந்து ஒன்றும் சொல்லமாட்டாள், அவள் அப்படி. புருஷன் பெண்டாட்டி படுக்கும் அறையில் நான் எப்படிக் காலை நீட்டுவேன்?

சும்மா ஒரு ஆசைக்கு, என்னை எடுத்துவிட்டுப் போட்டுப் பார்த்தேன். ஓர் அறை வீடு, மூன்று பேர். எல்லாம் போக நானூறு மீதி.

நானூறு. சிரிப்பு வந்துவிட்டது. தாளைச் சுக்குநூறாகக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

“என்னக்கா, தேறுமா?” என்று கேட்டான்.

“தானா தேறாதுடா, தேத்தணும். வீடு எப்படிப் பாக்கப்போற?”

“அதை நான் பாத்துக்கறேன். ஃபோன்ல சொல்லி வெச்சிருக்கேன். நீ அதுல மட்டும் தலையிடாத.”

தலையிடாதயாம். சரி.

மார்ச் 13

பழைய பாத்திரங்களைப் போட்டாயிற்று. எடைக்கு எடுக்க வந்தவன் அம்மாவின் அண்டாவைக் காலால் தள்ளிப் பார்த்தான். தம்பி மனைவி குனிந்து அதைத் திரும்ப எடுத்து உள்ளே கொண்டுபோனாள்.

மார்ச் 17, ஞாயிறு

இன்று எங்கள் வீட்டைக் ‘கூப்பிட்டான்’.

அவன் தொழிலில் அப்படித்தான் சொல்வார்கள். ஒருத்தர் அறை அறையாக நடந்து சாமானைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார், இன்னொருத்தர் எழுதுவார். கூப்பிட்டது லாரியில் ஏறும். கூப்பிடாதது ஏறாது. கூப்பிட்டு முடித்த பிறகு வீட்டுக்காரர் அழுதாலும் ஒரு முக்காலியைச் சேர்க்கமாட்டார்கள் என்று அவனே எத்தனை தடவை சொல்லியிருக்கிறான்!

இன்றைக்கு எழுதியது நான். முட்டி வலியால் அவன் பின்னாலேயே நடக்க முடியாது. என் அறையில், என் கட்டிலில், மடியில் அட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவன் வீட்டைச் சுற்றிவந்து அங்கங்கே இருந்து கத்தினான்.

“பீரோ, ரெண்டு கதவு, ஒண்ணு! மேசை, மடிக்கிறது, ஒண்ணு! பிளாஸ்டிக் நாற்காலி, மூணு — ஒண்ணு கால் ஆடுது, வேணாம், ரெண்டு!”

வாலு அவன் வாலைப் பிடித்துக்கொண்டு, “வாலு, ஒண்ணு!” என்று கத்தினாள். அவனும் “எழுதிக்கோக்கா, வாலு, ஒண்ணு, உடையக்கூடியது” என்றான். எல்லோரும் சிரித்தோம்.

கடைசியாக என் அறை. இங்கே பாதிக்குமேல் வீட்டுப் பொதுச் சாமான்தான். “மின்விசிறி, நிக்கிறது, ஒண்ணு. பாய்க்கட்டு, ஒண்ணு. சைக்கிள், சின்னது, ஒண்ணு.” அப்புறம் கட்டிலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். கட்டிலுக்கு அடியில் என் பெட்டி இருக்கிறது, அது அவனுக்கும் தெரியும்.

நான் பேனாவை அட்டையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

“அவ்வளவுதான்க்கா. கூட்டிடு.”

கூட்டினேன்.

மார்ச் 18

கேட்டுவிடலாமா?

கேக்க மாட்டேன். ஏன் கேக்கணும்? ‘என்னையும் கூட்டிட்டுப் போடா’ன்னு கையேந்தணுமா? இவனுக்கு ஃபீஸ் கட்ட நான் கழுத்துல கெடந்ததைக் கழட்டினப்ப அவன் கேட்டானா, நான்தானே கழட்டினேன்? சொல்லிக்காட்டறதுக்கு எழுதலை. ஆனா மனசு சொல்லிக்காட்டுது, நான் என்ன பண்ண?

அவன் மேலயும் தப்பில்லையோ. கணக்குத் தெரிந்தவன். நான் போட்ட கணக்கை அவனும் மனசில் போட்டிருப்பான். அவனுக்கும் நானூறுதான் வந்திருக்கும்.

மார்ச் 21

தம்பி குடும்பம் போகிறது, நான் மட்டும் இங்கேயே இருக்கிறேன் என்று கடைக்காரம்மாவிடம் சொன்னேன். சொல்லும்போது குரல் ஒழுங்காகத்தான் இருந்தது. அவர் சில்லறை எண்ணிக்கொண்டே, “மேல ஸ்டாக் ரூம் பாதி சும்மாதானே கெடக்கு? கட்டில் போடற அளவுக்கு எடம் இருக்கு. ராத்திரிக்கு ஆள் இருந்தா எனக்கும் நல்லது” என்றார். சம்பளத்தில் கொஞ்சம் பிடித்துக்கொள்வாராம். அவர் நல்லவர், ஆனால் கடைக்காரர்.

மார்ச் 24, ஞாயிறு

சாப்பிடும்போது சொன்னேன். அங்கே எனக்கு என்ன வேலை, இங்கே கடை இருக்கிறது, மேலேயே அறையும் தருகிறார்கள் என்று, ஏதோ லாட்டரி அடித்தவள் மாதிரி சொன்னேன்.

தம்பியின் கை தட்டிலேயே நின்றது. “ஏன்க்கா?”

“ஏன்னா? வேர் விட்ட எடத்தை விட்டு இந்த வயசுல எங்க வரச் சொல்ற?”

அவன் என் முகத்தையே பார்த்தான். நானும் பார்த்தேன். அவன் ஒரே ஒரு தடவை, ‘என்ன உளர்ற, பேசாம கெளம்பு’ என்று சொல்லியிருந்தால் நான் அப்போதே பெட்டியைக் கட்டியிருப்பேன்.

“உன் இஷ்டம்க்கா” என்றான்.

தம்பி மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் அவளை ஒரு பார்வை பார்த்தான், அவள் தண்ணீர் எடுக்க எழுந்துவிட்டாள். நிம்மதியை மறைக்கிறாளாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வாலு மட்டும்தான் அழுதாள். குழந்தைக்கு மானமும் ரோஷமும் இன்னும் வரவில்லை, கொடுத்துவைத்தவள்.

மார்ச் 27

முட்டி வலி.

மார்ச் 30, சனி

லாரி போய்விட்டது. வரிசையாக எழுதிவிடுகிறேன், நாளைக்கு எழுத முடியுமோ என்னவோ.

ஏற்ற வந்தது தம்பியோடு பல வருஷம் வேலை செய்த மேஸ்திரி. ஆட்களைத் திட்டாமல் வேலை வாங்குகிற மனுஷன். பத்து மணிக்குள் வீடு வெறிச்சோடிவிட்டது. சுவரில் பீரோ நின்ற இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. நான் என் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். மேஸ்திரி துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்தார்.

“அம்மா, கட்டிலைப் பிரிச்சுடலாமா? அதுக்குத்தான் லாரில எடம் விட்டு வெச்சிருக்கேன்.”

“கட்டிலைக் கூப்பிடலையே” என்றேன்.

“எழுத்துல இருக்காதும்மா. லாரி அளவு சொல்றப்பவே சார் கட்டிலையும் சேத்துத்தான் சொன்னாரு. அவரு கூப்பிடறப்ப நீங்க அது மேல உக்காந்திருந்தீங்களா?”

“ஆமா.”

“அதான். ஆள் உக்காந்திருக்கற சாமானை நாங்க கூப்பிட மாட்டோம். முன்ன ஒரு வீட்ல பெரியவர் ஒருத்தர் படுத்திருக்கறப்ப, ‘கட்டில், ஒண்ணு’ன்னு நம்மாளு கூப்பிட்டுட்டான். என்னையும் சாமானோட சேத்துட்டியாடான்னு அந்த மனுஷன் அன்னைக்குச் சாப்பிடவே இல்லை. அதுலருந்து இப்படித்தான். ஆள் எழுந்து நின்னா கூப்பிடுவோம். இல்லைன்னா மனசுல வெச்சுப்போம்.”

எழுந்து நிற்கவில்லை நான். முட்டி வலி. அதுதான் நடந்தது.

வாசலில் தம்பி கயிறு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். கூப்பிடு தூரம்தான். வெளியே போய்ப் பார்த்தேன். லாரியின் பின்பக்கம் ஓர் ஓரமாக, சாமான்களுக்கு நடுவே, ஒரு கட்டில் நிற்கிற அளவுக்குக் காலியிடம். அவன் அந்த இடத்தைப் பார்க்காமல் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வாயைத் திறந்திருக்கலாம். ‘டேய், வரேன்டா’ — இரண்டே சொல். நாக்கு நுனிவரை வந்தது. அப்போதுதான் அந்த நானூறு நினைவுக்கு வந்தது. ரோஷத்தால் ஒதுங்கினேன், சரி. ஆனால் கணக்கு கணக்குதானே? நான் ஏறினால் ஒன்பதாயிரம் துண்டு விழும், அதை இவன் எங்கே போய் இழுத்துப் போர்த்துவான்? கோபத்தில் எடுத்த முடிவு நல்ல முடிவாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

“கட்டில் வரலை மேஸ்திரி” என்றேன். தம்பிக்குக் கேட்கிற மாதிரியே சொன்னேன்.

அவன் முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டான். அந்தக் காலியிடத்தில் வாலுவின் சைக்கிளையும் பாய்க்கட்டையும் சொருகினார்கள். கிளம்பும்போது தம்பி மனைவி என் கையைப் பிடித்து அம்மாவின் அண்டாவைக் கொடுத்தாள். “உங்களுக்குன்னுதான் அன்னைக்கு எடுத்து வெச்சேன்” என்றாள். அவளைப் பற்றி என்னவெல்லாமோ நினைத்த நான் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 2

கட்டிலைச் சுற்றி மூன்று பக்கமும் அட்டைப்பெட்டிகள். குளுக்கோஸ், பஞ்சு, இருமல் மருந்து. புரண்டு படுத்தால் கை பெட்டியில் இடிக்கிறது. அண்டாவை வைக்க இடமில்லாமல் அதற்குள் துணிகளை வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 9

தம்பி ஃபோன் செய்தான். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். முட்டி எப்படி, இருக்கு. வேலை எப்படி, போகுது. வைக்கட்டுமா, வை.

இருபத்தெட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்த இரண்டு பேர் பேசுகிற பேச்சா இது?

ஏப்ரல் 28, ஞாயிறு

வாலு பேசினாள். புதுப் பள்ளிக்கூடம், லிஃப்ட், எதிர்வீட்டு நாய் என்று மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு, “அத்தை, உன் ரூம்ல ஒரு நர்சு அக்கா வந்திருக்காங்க” என்றாள்.

“என் ரூமா? எந்த ரூம்?”

“இங்கதான். ஜன்னல் இருக்கற ரூம். அப்பா உனக்குன்னுதானே ரெண்டு ரூம் வீடா எடுத்தாரு. நம்ம சாமானைக் கூப்பிட்டோமே, அதுக்கும் முன்னாடியே அட்வான்ஸ் குடுத்துட்டாரு. உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு எனக்கு சத்தியம். சொன்னா வாடகை ஜாஸ்தின்னு நீ சண்டை போட்டு சின்ன வீட்டுக்கு மாத்திடுவியாம். நீ வரலைன்னதும் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டாரு, வீட்டுக்காரங்க தரமாட்டேன்னுட்டாங்க. அதான் அம்மா அந்த ரூமை வாடகைக்கு விட்டுட்டாங்க.”

சண்டைதான் போட்டிருப்பேன். என்னை அவனுக்கு நன்றாகத் தெரியும். எனக்குத்தான் அவனை —

ஃபோனை அவன் வாங்கினான்.

“என்னக்கா, சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன்டா. அந்தப் பொண்ணு எவ்வளவு தர்றா?”

வாலு உளறிவிட்டது அவனுக்குப் புரிந்திருக்கும்.

“ஒம்பதாயிரம்” என்றான்.

கேட்டதுமே மனசு கூட்டிப் பார்த்துவிட்டது. சனியன் பிடித்த மனசு. சரியாக வந்தது, அதே நானூறு மீதி.

“கறாரா வாங்கிடு. அஞ்சாம் தேதிக்கு மேல விடாத.”

“சரிக்கா.”

வைத்துவிட்டேன். அப்புறம், அன்றைக்கு எழுந்திருக்காத அந்தக் கட்டிலை விட்டு எழுந்து நின்றேன். முட்டி வலித்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.