அம்மா கூட்டிவைத்த இலைக்குவியல்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நான் நலம், என் மூட்டுவலி என்னைவிட நலம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லை. போன் செய்யும்போதெல்லாம் மரம் எப்படி இருக்கிறது என்று கேட்கிறாய், நானும் நன்றாக இருக்கிறது என்று வாய் கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். போனில் சொன்னால் குரல் உடைந்துவிடும் என்றுதான் எழுதுகிறேன், முழுவதையும் படித்துவிட்டுத் திட்டு.

போன வருஷம் இலை உதிர்ந்த நாட்களில் அம்மா முற்றத்தைப் பெருக்கி, வில்லோ மரத்தடியில் இலைகளைக் குவித்துவிட்டு, நாளைக்கு அள்ளிக்கலாம் என்று உள்ளே வந்து படுத்தவள் எழுந்திருக்கவில்லை. வந்துவிட்டுத் திரும்பிப் போக உனக்கு விசா கிடைக்கவில்லை, நீ வர முடியவில்லை. அழுதுகொண்டே நீ கேட்டது ஒன்றுதான், “அம்மா கூட்டி வச்சதை நான் வர்ற வரைக்கும் யாரையும் தொட விடாதீங்கப்பா” என்று. நானும் விடவில்லை. பறந்துவிடாமல் பழைய பந்தல் வலையைப் போர்த்தி, நான்கு பக்கமும் செங்கல் வைத்தேன். குப்பை வண்டிக்காரர் இரண்டு முறை கேட்டார், பாவம், அவர்மேல் எரிந்து விழுந்தேன்.

குளிர் விட்டதும் மரம் துளிர்த்தது. கூடவே நீலமாய் மினுங்கும் வண்டுகளும் வந்தன, கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் திருகு அளவுதான் இருக்கும். அழகாக இருக்கிறதே என்று ரசித்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். இலை இலையாய்ப் பொத்தல் போட்டன. நம் கடிகாரக் கடை லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு இலையைத் திருப்பினால், அடிப்பக்கம் வெளிர்மஞ்சள் முட்டைகள், பதினைந்து இருபதாக ஒட்டிக்கிடக்கின்றன. இரண்டு மூன்று வாரத்தில் கறுப்புப் புழுக்கள், தோளோடு தோள் உரச வரிசையாக உட்கார்ந்து பச்சையை மட்டும் சுரண்டித் தின்றன, நரம்பும் மேல்தோலும்தான் மிச்சம். தெருவிலிருந்து பார்த்தால் யாரோ மரத்துக்குத் தீ வைத்தது போலிருந்தது. தின்று கொழுத்ததும் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகக் கிடந்து, மறுபடி வண்டாக ஏறி வந்து, மரம் பாடுபட்டு விட்ட இரண்டாவது துளிரையும் முடித்துவிட்டன. கடையில் கடிகாரத்தைத் திறந்து வைத்துவிட்டு மரத்தையே நினைத்துக்கொண்டிருப்பேன். “பெரியவரே, கடிகாரம் ஓடுது, நீங்கதான் நின்னுபோயிட்டீங்க” என்று ஒருவர் கிண்டல்கூடச் செய்தார்.

கடைசியில் நாற்றுப்பண்ணைக்கார அம்மாவை அழைத்து வந்து காட்டினேன். அவர் மரத்தைவிடக் குவியலைத்தான் அதிக நேரம் பார்த்தார். குளிருக்கு இந்த வண்டுகள் பட்டைப் பிளவிலும் உதிர்ந்த இலைக்குள்ளும் பதுங்குமாம், “நீங்க போர்வை போத்தி வளத்திருக்கீங்கய்யா” என்றார். எல்லாமே இதிலிருந்துதான் வந்தது என்று அவரும் சொல்லவில்லை, ஒரு வருஷம் தின்றால் மரம் சாகாது, வருஷா வருஷம் இப்படியே போனால் தாங்காது, குளிர் இறங்கி எல்லாம் உள்ளே அடங்கியதும் அள்ளி எரித்துவிடுங்கள் என்றார். எனக்கு உன் அம்மாவை இன்னொரு தரம் தூக்கச் சொன்ன மாதிரி இருந்தது. பத்து நாள் தள்ளிப்போட்டேன். உன்னிடம் கேட்கலாம் என்று போனை எடுத்து எடுத்து வைத்தேன். உன்னால் சரி என்று சொல்ல முடியாது, அந்தப் பாரத்தை உன் தலையில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

இன்று காலை நானே அள்ளினேன். அவள் கூட்டியது எது, இந்த வருஷம் விழுந்தது எது என்று பிரித்துப் பார்த்தேன், முடியவில்லை குட்டிம்மா, வலை இற்றுப்போய் இரண்டும் கலந்து, அடியில் எல்லாம் கறுத்து மக்கிப்போயிருந்தது. உனக்கென்று ஒரு கைப்பிடி ஒதுக்கி லென்ஸ் வைத்துப் பார்த்தால், அதற்குள்ளும் நான்கு வண்டுகள் உறங்கிக்கொண்டிருந்தன. அதையும் நெருப்பில் போட்டேன். அப்படியே உட்கார்ந்து அழுதேன். எதிர்வீட்டு டிரைவர், புகை கண்ணில் பட்டுவிட்டதாக்கும் என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், ஆமாம் என்றேன்.

நீ கேட்டதால்தான் மரம் இப்படி ஆனது என்று மட்டும் நினைக்காதே. நீ கேட்காவிட்டாலும் நான் அதைத் தொட்டிருக்க மாட்டேன்.

மாப்பிள்ளையின் இருமலை அசட்டையாக விடாமல் டாக்டரிடம் காட்டு. வேலை வேலை என்று வயிற்றைக் காயப்போடாதே. இருவரும் ஒரு குறையுமில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும், அம்மாவின் ஆசியும் அதில் சேர்ந்தே இருக்கிறது. விசா கிடைத்ததும் கிளம்பி வா. பார்க்க வேண்டியது எரிந்துபோயிற்று, இனி எதற்கு என்று நின்றுவிடாதே. இந்த வீட்டில் நீ வரும்வரை பத்திரமாக வைத்திருக்க இனி நான் ஒருவன்தான் மிச்சம்.

இப்படிக்கு,
உன் அப்பா