மூடப்பட்ட ஆலோசனையை என் தங்கைக்காகத் திறக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
கோப்பு எண் 412-க்குரிய நோயாளி,
இல்லத்தரசி, வயது 49,
மார்பகப் புற்றுநோய்ப் பிரிவு.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
மரபணு ஆலோசனைப் பிரிவு,
அரசு மருத்துவமனை.

பொருள்: 'முடிந்தது' எனப் பதிவான செல்பேசி ஆலோசனையை மீண்டும் திறந்து, என் தங்கையையும் அதில் சேர்க்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

1. எனக்கு அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. இறைவன் அருளாலும் தங்கள் மருத்துவர்களின் கைராசியாலும் நலமாக இருக்கிறேன். இந்த மனு எனக்காக அல்ல.

2. சென்ற மாதம் 3ஆம் தேதி, பரம்பரையாக வரும் மரபணுக் கோளாறு எனக்கு இருப்பதாகச் செல்பேசிக்குச் செய்தி வந்தது. கூடவே பதினான்கு நிமிடக் காணொளி ஒன்றும் வந்தது. நான் வீட்டிலேயே எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றவள். ஆகவே ஒன்பது தடவை பார்த்தேன். விளங்காத இடங்களை நிமிடம், நொடியோடு நோட்டில் குறித்தேன். மொத்தம் பதினேழு இடங்கள். கூடப் பிறந்தவர்களுக்கும் இது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்பது மட்டும் முதல் தடவையே விளங்கிவிட்டது.

3. எனக்கு ஒரே தங்கை. வயது நாற்பத்தொன்று. அப்பா இறந்த வாரத்தில் வந்த வாய்த்தகராறில் பேச்சு நின்று பதினோரு வருடம் ஆகிறது. யார் மேல் தப்பு என்று விவரித்துத் தங்கள் நேரத்தை வீணாக்க விரும்பவில்லை. என் மேல்தான். பிரார்த்தனையில் அவள் பெயரைச் சொல்லாத நாளில்லை. அவளிடம் பேசத்தான் வாய் வரவில்லை.

4. காணொளி முடிவில் "உங்களுக்குப் புரிந்ததா?" என்று கேட்டார்கள். அதில் பேசிய மருத்துவரம்மா அவ்வளவு பொறுமையாகச் சொன்ன பிறகு இல்லை என்பது மரியாதையல்ல என்று எண்ணி, 'புரிந்தது' என்பதை அழுத்திவிட்டேன். 'புரியவில்லை' என்றவர்களுக்குத்தான் மருத்துவரோடு திரையில் நேருக்கு நேர் பேச வாய்ப்பாம். இது பிறகே தெரிந்தது.

5. தைரியத்தை வரவழைத்துக்கொண்டு காணொளியைத் தங்கைக்கு அனுப்பினேன். அது என் எண்ணில் மட்டுமே திறக்குமாம். சற்று நேரத்தில் அவளுடைய குரல்பதிவு வந்தது: "ஏன்க்கா, பதினோரு வருஷம் கழிச்சு ஒண்ணு அனுப்புற, அதையும் பூட்டுப் போட்டுத்தான் அனுப்புவியா? என்னன்னு சொல்லேன், பயமா இருக்கு." அரைகுறையாகச் சொல்லி அவளைக் கலங்கடிக்க எனக்கு மனம் வரவில்லை. விவரம் கேட்டுச் சொல்கிறேன், ஒரு வாரம் பொறு என்று எழுதினேன். அந்த வாரம் முடிந்தும் ஆறு நாளாகிறது.

6. உதவி எண்ணுக்கு மூன்று முறை பேசினேன். "ஃபைல் க்ளோஸ் ஆயிடுச்சும்மா. புரிஞ்சுதுன்னு நீங்கதானே அழுத்தினீங்க?" என்றார்கள். அழுத்தியது நான்தான், மறுக்கவில்லை.

ஆகவே தயவுகூர்ந்து என் கோப்பைத் திறந்து, அவளுக்கும் பரிசோதனைக்கு வழி செய்து, எங்கள் இருவரையும் ஒரே அழைப்பில் வைத்து மருத்துவர் கால் மணி நேரம் பேச உத்தரவிட வேண்டுகிறேன். அவர் பேசும்போது குறுக்கிட மாட்டேன். பேசி முடித்ததும் அழைப்பை உடனே துண்டிக்காமல், இரண்டு நிமிடம் எங்களை அப்படியே விட்டுவைக்கும்படியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: வீடு
நாள்: மார்ச் 16

தங்கள் அழைப்புக்காகச் செல்பேசியைக் கையிலேயே வைத்திருக்கும்,
(கையொப்பம்)
கோப்பு எண் 412