உன் மன்னிப்புக் கடிதத்தை நான் திருத்தப்போவதில்லை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நலம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை, நலமாக இருக்கிறவன் அப்படி ஒரு கடிதம் எழுதமாட்டான். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடி ஏறும்போது மட்டும் படிக்கு ஒரு தடவை யாரையாவது திட்டுகிறார். அக்கா போன வாரம் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். வீட்டுச் செய்தி இவ்வளவுதான், மற்றதெல்லாம் உன்னைத் திட்டுவதற்காக எடுத்த தாள்கள். போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே இருவரும் கத்த ஆரம்பித்துவிடுகிறோம், அதனால் நீ எழுதியதுதான் சரி. எழுத்தில் நான் பேசும்போது உன்னால் குறுக்கே பேச முடியாது அல்லவா, உட்கார்ந்து முழுதும் படி.

நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். லிஃப்ட் கம்பெனியில் உனக்குக் கீழே ஏழு மெக்கானிக்குகள், அதில் மூத்தவர் பத்தொன்பது வருடமாக அங்கே இருக்கிறவர், ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்டின் கதவைச் சோதிக்காமலே சோதித்ததாக அட்டையில் டிக் போட்டுவிட்டார், நீ அதைக் கண்டுபிடித்துவிட்டாய். நல்லது. அந்த அட்டையில் சிவப்பு மையால் பெரிய வட்டம் போட்டு, "வேலை எப்படிச் செய்யக்கூடாது என்பதற்கு உதாரணம்" என்று மேலே எழுதி, டீ மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கிற நோட்டீஸ் போர்டில் குத்தினாய். காலையில் எல்லோரும் கையில் கப்போடு நின்று அதைப் படித்தார்கள், அவரும் வந்து படித்தார். டூல் பையைக் கீழே வைத்து, அதன் மேல் சாவிக்கொத்தை வைத்து, வெளியே போய்விட்டார். மறுநாள் ராஜினாமா வந்தது, மிச்சம் ஆறு பேரும் உன் டீமிலிருந்து மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் அவர் திரும்பி வரவில்லை என்றால் உன்னைச் சூப்பர்வைசர் வேலையிலிருந்து எடுத்துவிடுவதாக மேனேஜர் சொல்லியிருக்கிறார். "மெஷினைப் பார்க்க உன்னை விட்டா ஆளில்லப்பா, ஆளுங்களைப் பார்க்கத்தான் நீ லாயக்கில்ல" என்று அவர் சொன்னதை நீயே எழுதியிருக்கிறாய், அதையும் ஏதோ பாதிப் பாராட்டு மாதிரி எழுதியிருக்கிறாய். எனக்குப் படிக்கவே கூசியது.

அதற்குப் பிறகு உன்னை இரண்டு நாள் சாஃப்ட் ஸ்கில்ஸ் வகுப்புக்கு அனுப்பினார்களாம். நீயும் போய் நோட்டு நிறைய எழுதிக்கொண்டு வந்தாயாம். அங்கே கற்றதை வைத்து அந்த மெக்கானிக்குக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி, அதன் நகலை எனக்கு அனுப்பி, "அம்மா நீங்கதான் இருபத்தெட்டு வருஷம் குடிநீர் ஆபீஸ் கம்ப்ளைண்ட் ஜன்னல்ல உட்கார்ந்து கோபக்காரங்களைச் சமாளிச்சவங்க, இதைத் திருத்தி அனுப்புங்க" என்று கேட்டிருக்கிறாய். திருத்தமாட்டேன். இந்தக் கடிதத்தின் முக்கியமான வரி இதுதான், மேற்கொண்டு படிக்கப் பொறுமை இல்லையென்றால் இங்கேயே நிறுத்திக்கொள்.

உன் கடிதத்தை அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பாதி படித்துவிட்டு, "யாரு செத்துட்டாங்க?" என்று கேட்டார். அக்கா முழுவதும் படித்தாள், படித்துவிட்டு, "போன மாசம் என் பொண்ணு பிறந்தநாளுக்கு வராததுக்கு எனக்கும் இதையேதான் அனுப்பினான்மா, பேரை மட்டும் மாத்தியிருக்கான்" என்று சொல்லித் தன் போனைக் காட்டினாள். பார்த்தேன். "தங்களின் பங்களிப்பை உயர்வாக மதிக்கிறேன்" என்று கூடப் பிறந்தவளுக்கு எழுதியிருக்கிறாய். அவள் உனக்கு என்ன பங்களிப்பு செய்தாள் என்று தெரியுமா, நீ நடக்கப் பழகும்போது ஈரத் துணியோடு பின்னாலேயே அலைந்தவள் அவள். சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியாமல் இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

முதலில் பாராட்டு, நடுவில் குறை, கடைசியில் மறுபடியும் பாராட்டு என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்களாம். சின்னப் பிள்ளைக்கு வாழைப்பழத்துக்குள் மாத்திரை வைத்துக் கொடுக்கிற வேலை இது. அவருக்கு வயது ஐம்பத்து மூன்று, வாயில் வைத்ததுமே மாத்திரை தெரிந்துவிடும். "தங்கள் மனம் புண்பட்டிருக்குமானால் வருந்துகிறேன்" என்று எழுதியிருக்கிறாயே, இதில் உனக்கு என்னடா சந்தேகம்? பத்தொன்பது வருடம் சுமந்த பையை ஒரு மனிதன் விளையாட்டுக்கா கீழே வைத்தான்? அடுத்த வரியிலேயே "ஆனால் பாதுகாப்பில் சமரசம் செய்ய இயலாது" என்று ஆரம்பித்துவிட்டாய், மன்னிப்பு கேட்கப் போன இடத்திலும் நீ சொன்னதுதான் சரி என்று நிரூபிக்காமல் உனக்குத் தூக்கம் வராது. வகுப்பு நடத்தியவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்கள் ஏதோ நல்லதைத்தான் சொல்லியிருப்பார்கள். நீ அதிலும் நட்டு போல்ட்டைத்தான் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாய்.

நீ சொன்னது தப்பு என்று நான் சொல்லவில்லை, அதையும் தெளிவாக எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதைப் பிடித்துக்கொண்டு தொங்குவாய். அந்தக் கதவில் ஒரு குழந்தையின் கை மாட்டியிருக்கலாம். சொல்லியே ஆக வேண்டிய விஷயம், நறுக்கென்று சொல்லலாம், அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டு முகத்துக்கு நேராகச் சொல்லலாம். மென்மையாக இருப்பது என்றால் மென்று விழுங்குவது என்று யார் உனக்குச் சொன்னது? ஆனால் உன் நான்கு பக்கத்தையும் நான் மூன்று தடவை படித்தேன். கதவு எத்தனை நொடியில் திரும்பத் திறக்க வேண்டும் என்று இருக்கிறது, அட்டையின் எண் இருக்கிறது, விதியின் எண்கூட இருக்கிறது. பத்தொன்பது வருடம் ஒழுங்காகச் சோதித்த ஒரு மனிதர் அன்றைக்கு மட்டும் ஏன் சோதிக்காமல் டிக் போட்டார் என்று ஒரு வரி இல்லை. உனக்குத் தெரியாது. நீ கேட்கவே இல்லை. கண்ணில் ஏதாவது கோளாறா, வீட்டில் யாருக்காவது முடியவில்லையா, அல்லது சும்மா சோம்பேறித்தனம்தானா, எதுவாக இருந்தாலும் கேட்டால்தானே தெரியும். மோட்டாரின் சத்தத்தை வைத்து எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாய், பக்கத்தில் நிற்கிற மனிதன் என்ன சத்தம் போடுகிறான் என்று உனக்குக் காது கேட்காது.

ஜன்னலில் நான் எப்படிச் சமாளித்தேன் என்று பாயிண்ட் பாயிண்டாகக் கேட்டிருக்கிறாய், உன் எச்.ஆர். கொடுத்த ஃபாரத்தில் நிரப்ப வேண்டுமாம். பாயிண்ட் ஒன்றும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் குடிநீர் ஆபீஸிலேயே என்னைப் போல மோசமாக யாரும் இல்லை. தண்ணீர் வரவில்லை என்று ஆள் வாயைத் திறப்பதற்குள் பதிவேட்டைத் திறந்து எழுத ஆரம்பித்துவிடுவேன், வேகமாக முடிக்கிறேன் என்று பெருமை வேறு. ஒரு நாள் ஒரு வயதானவர், கத்தவும் இல்லை ஒன்றும் இல்லை, "அம்மா, நான் உங்க உச்சந்தலைகிட்டயே பேசிட்டு இருக்கேன், முகம் எப்போ வரும்?" என்று கேட்டார். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள், எனக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது, அன்றைக்கு முழுவதும் அந்த மனிதரைக் கரித்துக் கொட்டினேன். மறுநாள் வந்தவர் பேசி முடிக்கிற வரைக்கும் பேனாவை இழுப்பறையிலேயே வைத்திருந்தேன். கை சும்மா இருக்க மறுத்தது, பிடித்து மடியில் வைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் நான் செய்தது, அதையே மறுநாளும் செய்தேன், அதற்கடுத்த நாள் மறந்துபோய்ப் பழையபடி எழுத ஆரம்பித்தேன், மறுபடியும் பேனாவை உள்ளே வைத்தேன். என் வரிசை மட்டும் நீளம் என்று அதிகாரி கேலி செய்வார். போகப்போக ஒரே ஆள் ஒரே புகாருக்கு நான்கு தடவை வருவது நின்றது, அப்புறம் கேலியும் நின்றது. இரண்டு நாளில் வந்தது இல்லை, எனக்கு வருடக்கணக்காயிற்று, எழுதி நிரப்ப உன் ஃபாரத்தில் இடம் போதாது.

இதைப் படித்ததும் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். அக்காவிடம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறாய், அவள் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தாள், நான்தான் பிடுங்கிவிட்டேன். "அம்மா அந்தப் பொறுமையெல்லாம் ஜன்னல்லயே செலவு பண்ணிட்டு வெறுங்கையோடதான் வீட்டுக்கு வருவாங்க" என்று சொன்னாயாம். இரண்டு நாள் உன்மேல் எரிச்சலில் சரியாகச் சாப்பிடவில்லை. ஊரெல்லாம் என்னைப் புகழ்ந்திருக்க என் பிள்ளைக்கு மட்டும் வாய் கூசாமல் இப்படிப் பேச வருகிறதே என்று அப்பாவிடம் கத்தினேன்.

மூன்றாவது நாள், பழைய புகார்களுக்கு நான் எழுதிய பதில் ஏதாவது கிடைத்தால் உன் மூஞ்சியில் எறிவதற்கு ஆகும் என்று அலமாரியில் இருந்த ஆபீஸ் ஃபைலை எடுத்தேன். அதில் நீ பதினோரு வயதில் ஹாஸ்டலில் இருந்து எழுதிய கடிதம் இருந்தது. அதோடு நான் உனக்கு எழுதிய பதிலின் கார்பன் காப்பியும் இருந்தது. பெற்ற பிள்ளைக்கு எழுதிய கடிதத்துக்குக் கார்பன் வைத்து நகல் எடுத்திருக்கிறேன் பார், கைப்பழக்கம். ஃபேன் ஓடவில்லை, செருப்பு அறுந்துவிட்டது, சாப்பிடும்போது என் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டேன் என்கிறார்கள் என்று நீ எழுதியிருந்தாய். நான் நம்பர் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். ஒன்று, வார்டனிடம் தெரிவிக்கவும். இரண்டு, பார்சல் அனுப்பப்படும். மூன்று, வேறு இடத்தில் மாறி உட்காரவும். கீழே ஒரு கோடு போட்டு "முடிக்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

அதற்கு அடுத்த கடிதமும் அதே ஃபைலில் இருக்கிறது. நலம், நன்றாகப் படிக்கிறேன், அவ்வளவுதான், இரண்டு வரி. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் இரண்டு வரிதான். பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று அன்றைக்கு ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டேன். ஜன்னலில் நின்று அந்தப் புகாரை யாராவது சொல்லியிருந்தால் நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கேட்டிருப்பேன். உன்னிடம் கேட்கவில்லை. அது தப்பு, பெரிய தப்பு, "புண்பட்டிருக்குமானால்" என்று உன்னைப் போல நான் இழுக்கப்போவதில்லை. பஸ் பிடித்து வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டிருக்க வேண்டும், வரவில்லை.

அதற்காக நீ அந்த மனிதரை போர்டில் குத்தியது சரியாகிவிடாது. பதினோரு வயதில் நடந்ததை முப்பத்தாறு வயதில் சப்பைக்கட்டாக வைத்துக்கொள்ளாதே, அப்படி ஏதாவது அடுத்த கடிதத்தில் எழுதினாயானால் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவேன். உன் வேலை போகிறது வருகிறது, அது உன் கவலை. அவருடைய பத்தொன்பது வருடத்தை ஒரு காலை டீ குடிக்கிற நேரத்தில் வேடிக்கைப் பொருளாக்கிவிட்டாய், அதுதான் எனக்கு ஆறவில்லை. அந்த மன்னிப்புக் கடிதத்தைக் கிழித்துப் போடு. நேரில் போ. நோட்டைக் கொண்டு போகாதே. போர்டில் குத்தியது தப்பு என்று சொல், அத்தோடு வாயை மூடு, அன்றைக்கு என்ன ஆயிற்று என்று கேள், அவர் திட்டினால் திட்டி முடிக்கட்டும். திரும்பி வாருங்கள் என்பதை அவர் கேட்கிற நிலைக்கு வந்த பிறகு சொல். வராமலும் போகலாம். வேலைக்காக மட்டும்தான் போனாய் என்று அவருக்குத் தோன்றினால் வரவே மாட்டார், நானாக இருந்தாலும் வரமாட்டேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும், உன்னிடம் வேலை செய்கிறவர்களும் உன்னால் நன்றாக இருக்க வேண்டும். அப்பாவின் ஆசீர்வாதமும் என் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு, கோபம் தனிக் கணக்கு. ஒன்றை மறக்காதே, வருகிற சனிக்கிழமை மாலை ஐந்தரை மணி ரயிலில் நான் வருகிறேன், அக்கா டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டாள். நீ ஸ்டேஷனுக்கு வராதே. அந்த நேரத்தில் நீ அவர் வீட்டில் இருக்க வேண்டும், பிளாட்பாரத்தில் உன் முகத்தைப் பார்த்தேன் என்றால் பெட்டியைக்கூட இறக்காமல் அடுத்த வண்டியிலேயே திரும்பிவிடுவேன். உன் வீட்டைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரியும். அவர் பேசிக்கொண்டிருக்கும்போது அம்மா வந்திருப்பாளே என்று நடுவில் எழுந்து ஓடி வராதே, எவ்வளவு நேரம் ஆனாலும் உன் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறேன், இருபத்தைந்து வருடம் தாமதமாக வருகிறவளுக்கு அது ஒன்றும் பெரிதில்லை.

இப்படிக்கு,
இன்னும் கோபம் தீராத
உன் அம்மா