ருனா வாசலில் காத்திருந்தாள்

ஆகஸ்ட் 8, வெள்ளி

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. ஏழாம் வகுப்புக் கணக்குத் தாள் பாதி திருத்தியாயிற்று. கொத்தமல்லி, ரின் சோப்பு, மறக்கக் கூடாது.

நாளை கேம் முடிந்துவிடும் என்கிறார் அருள். கடைசிக் கோட்டை மட்டும் பாக்கி.

கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டில் டிவி மட்டும்தான் பேசியது. "சாப்டீங்களா?" "சாப்டேன், நீங்க?" அவ்வளவே. ஒருநாள் அவர் டிவியில் கேம் விளையாடுவதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். சிறையில் கிடந்த ருனா என்ற திருடியை அப்படியே விட்டுவிட்டுப் போகப் பார்த்தார். பொறுக்கவில்லை. "பாவம், அவளையும் கூட்டிட்டுப் போங்க" என்றேன். கூட்டிப் போனார். அன்றிலிருந்து கன்ட்ரோலர் அவர் கையில், முடிவு இருவருடையது. யாரை மன்னிப்பது, யாரை நம்புவது, ருனாவின் நொண்டிக் காலுக்கு மருந்து தேடி எந்தக் காட்டுக்குப் போவது, எல்லாம் பேசிப் பேசி. ருனா வைக்கும் சூப் யாருக்கும் பிடிக்காது. எங்களுக்கு அவளைப் பிடிக்கும்.

ஒரு பயம். கேம் முடிந்தபின் மாலையில் என்ன பேசுவோம்?

ஆகஸ்ட் 9, சனி

மழை விட்டது. மதியம் கீரைக் கூட்டு, அப்பளம். சாப்பிட்ட கையோடு உட்கார்ந்துவிட்டோம்.

முடிந்தது. இப்படி ஒரு முடிவா.

கோட்டையைப் பிடித்தோம். கொடுங்கோல் அரசனைக் கொன்றோம். திரையில் ஒரு வரி: ருனா வாசலில் காத்திருந்தாள். அடுத்து இன்னொரு வரி: நாட்டில் அமைதி திரும்பியது. இரண்டு படம். உடனே கேம் செய்தவர்களின் பெயர்கள் ஓட ஆரம்பித்தன.

"அவ்ளோதானா?" என்றேன்.

"இருங்க, பேர் ஓடி முடிஞ்சதும் ஏதாச்சும் வரும்."

வரவில்லை.

விடவில்லை அவர். பழைய இடத்துக்குப் போய்க் கடைசிச் சண்டையை மறுபடி ஆடி, இந்தத் தடவை அரசனை மன்னித்தார். அதே வரி, அதே படம். முன்பு காலை வானம், இப்போது மாலை வானம். அது ஒன்றுதான் வித்தியாசம். இத்தனை நாள் உட்கார்ந்து யோசித்ததற்கு வானத்துக்குப் பெயிண்ட் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை.

"அவ கெளம்பிப் போயிருப்பா, விடுங்க" என்றேன்.

"போக மாட்டா. நாம வெளிய வருவோம்னு இன்னும் நிக்கிறா."

"கொன்னுட்டாங்கன்னே வெச்சுக்குங்களேன்."

"கொன்னிருந்தாக்கூடப் பரவால்ல. வாசல்ல நிக்க வெச்சிட்டுப் போறது தப்பு. ஹாஸ்டல்ல லீவு விட்டா எல்லார் வீட்லருந்தும் வந்துடுவாங்க. எங்கப்பா சாயந்தரம்தான் வருவாரு. கேட்ல பொட்டியோட நிப்பேன். வாட்ச்மேன்கூட சாப்புடப் போயிடுவாரு. அப்பா வருவாரா மாட்டாரான்னு தெரியாம நிக்கிறது என்னான்னு உனக்குப் புரியுதா ஜான்சி?"

முதல் தடவையாக "உனக்கு". அவருக்கே தெரியவில்லை. கன்ட்ரோலரை ஆட்டி ஆட்டிப் பேசுகிறார். தினமும் என் பள்ளிக்கூட மணி அடிக்குமுன்பே பைக்கோடு வந்து நிற்கிறாரே, ஆபீஸில் வேலை குறைவு போல என்று நினைத்திருந்தேன்.

"புரியுது. நீ உக்காரு" என்றேன்.

அதை மட்டும் கவனித்துவிட்டார். காதுவரை சிவந்து உட்கார்ந்தார்.

காபி போட்டேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன். இருவரும் சொல்லாமலே குடித்தோம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வெயில். சர்ச்சில் பூசை முடிந்து வரும்போது கீழ்வீட்டு ஓனர் பிலோமினா ஆன்ட்டி படியில் மறித்துக்கொண்டார்.

"என்னம்மா, நேத்து மேல ஒரே கலாட்டா. கொன்னுட்டாங்கன்ற, வாசல்ல நிக்க வெச்சிட்டாங்கன்ற. எனக்கு பக்குனு ஆயிடுச்சு. நல்லாதானே கீறீங்க ரெண்டு பேரும்?"

"கேம்ல வர்ற பொண்ணு ஆன்ட்டி."

நம்பவில்லை. மேலே வந்து டிவியைப் பார்த்தபிறகுதான் உட்கார்ந்தார். அருள் முதலிலிருந்து கதை சொன்னார், ருனா நொண்டி நடப்பதை நடந்தே காட்டி. இவ்வளவு பேசக்கூடிய ஆளா இவர்? ஆன்ட்டி சிக்கன் ஊறவைத்ததையே மறந்துவிட்டார்.

கடைசியில் ஒரே கேள்வி. "அவ ஏன் நிக்கணும்? கை இல்லியா அவளுக்கு? கதவத் தட்ட வேண்டிதானே?"

இத்தனை மாதம் விளையாடிய எங்கள் இருவருக்கும் இது தோன்றவில்லை.

மதியம் புது முடிவு எழுதினோம். ருனா கதவைத் தட்டுகிறாள். யாரும் திறக்கவில்லை. திருடிதானே, பூட்டைத் திறந்து உள்ளே வருகிறாள். அரியணையில் உட்கார்ந்து காலை நீட்டி, "பசிக்குது, யாராச்சும் சமைங்க, என் சூப் வேணாம்" என்கிறாள். அருள் அவள் குரலில் வாசித்தார். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

தாள் திருத்தவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மேகமூட்டம். தாள் கொடுத்தாயிற்று. எட்டுப் பேர் பெயில், பேசணும்.

பள்ளி விட்டதும் அருளின் பைக்கில் நேரே பிரேசர் டவுன், பழைய கேம் விற்கும் கடை. ஒன்று எடுத்தேன், அட்டையில் கப்பல், கப்பலில் ஒரு கிழவி.

"இதுல முடிவு நல்லாருக்குமா பாய்?" என்று கேட்டேன்.

கடைக்காரர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உண்மைய சொல்லணும்னா மேடம், இத வாங்கிட்டுப் போனவங்க யாரும் கடசி வரைக்கும் ஆடுனதில்ல. ரொம்பப் பெருசு. பாதில திருப்பிக் குடுத்துருவாங்க."

அருள் என்னைப் பார்த்தார். "ஜான்சி, நீ என்ன சொல்ற?"

"ரொம்பப் பெருசா இருந்தா ரொம்ப நல்லது" என்றேன்.

வாங்கியாயிற்று. வெளியே மழை பிடித்துக்கொண்டது. அருள் பெட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, கிழவியைக் காப்பாற்றுவதா கப்பலைக் காப்பாற்றுவதா என்று இப்போதே ஆரம்பித்துவிட்டார்.