ஜமீன் யார் மடியில்

பெப்ரவரி 3, செவ்வாய்

இரவு முழுதும் பனி. வாசலை வழித்து முடிக்க இடுப்புப் பிடித்துவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பிளைவூட் வந்தது. எட்டடிப் பலகைகள். பேஸ்மென்ட் படியால் இறக்க நானும் கார்த்தியும் பட்ட பாடு!

கார்த்தி கீழே வாடகைக்கு இருக்கிற பிள்ளை. ஊர் கோயம்புத்தூர். படிப்பு முடிந்து, மாத முடிவில் கல்கரிக்கு வேலைக்குப் போகிறான். அவனுடைய உடும்பை அங்கே கொண்டுபோக முடியாது. ஆப்பிரிக்க உடும்பு, என் கை நீளம். பெயர் ஜமீன். "நாள் பூரா படுத்தே கிடப்பான் தாத்தா, அதான்" என்றான். இப்போது இருப்பது மீன்தொட்டி போல ஒரு கண்ணாடிப் பெட்டியில். திரும்பினால் வால் இடிக்கும்.

ஜமீனைக் கேட்பவர் இரண்டு பேர். ஒன்று நான். மற்றது என் மச்சான், என் மனுசி பவளத்தின் தமையன். பெண்சாதி போனபின் நகரின் மறுபக்கம், கோட்-டெ-நெய்ஜில் தனியாக இருக்கிறான். கார்த்தி முடிவாகச் சொல்லிவிட்டான்: "முதல்ல சரியான கூண்டு வேணுங்க. அப்புறம் அவன் யார்கிட்ட நிம்மதியா இருக்கானோ அவங்களுக்குத்தான்."

கூண்டு செய்வது நான். மச்சான் தொலைபேசியில் சொன்னான்: "ஆணி அடிக்காதை, திருகாணி போடு. பேந்து கழட்டி என்ரை வீட்டை கொண்டுபோக லேசு."

வாயைப் பார்.

இவ்வளவும் நானே எழுதியது! போன வருடம் என் பெயரே எழுதத் தெரியாது. பேத்தியைச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குக் கூட்டிப் போய், பின்வரிசை வாங்கில் இருந்து இருந்தே பிடித்துக்கொண்டேன். எழுபத்தொரு வயதில். தனியே இருந்து சிரிக்கிறேன்.

பெப்ரவரி 5, வியாழன்

கடும் குளிர். மூக்குமயிர் உறைந்தது.

பலகை வெட்டினேன். தொண்டை முழுதும் மரத்தூள். தண்ணீர் நானே எடுத்துக் குடித்தேன்.

பதினொரு மணிபோல மச்சான் வந்தான். மெட்ரோ, பிறகு பஸ். பவளம் ஓடிவந்து, "ஐயோ அண்ணை, இந்தக் குளிருக்குள்ளை!" இஞ்சித் தேத்தண்ணீர். கூடவே தட்டில் பருத்தித்துறை வடை. அந்த வடை வீட்டில் இருப்பதே எனக்குத் தெரியாது.

கார்த்தி ஜமீனை வெளியே விட்டான். நாக்கை நீட்டி நீட்டி நடந்தது. நான் வெட்டிய பலகைக்கு மேலால், என் காலுக்கு மேலால், நேரே மச்சானிடம். காலில் ஏறி, வயிற்றில் ஏறி, கண்ணை மூடிப் படுத்துவிட்டது.

"பொன்ஜூர், முசியே" என்றான் மச்சான், பிரெஞ்சு தெரிந்த திமிரில்.

பவளம் கைகொட்டிச் சிரித்தாள். "பாருங்கோவன், அண்ணையைத்தான் பிடிச்சிருக்கு!"

"மிருகத்துக்கு மனுசரைத் தெரியும், தங்கச்சி."

நான் மனுசர் இல்லையோ?

பெப்ரவரி 7, சனி

வகுப்பு. 'ஜ' எழுதிப் பழகினேன், ஜமீனுக்காக. சுழிக்கச் சுழிக்க ஆசையாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து ஒரு சிறு பலகையில் கறுப்புப் பெயின்ரால் பெயரை எழுதினேன். கூண்டில் மாட்ட.

செய்தது: உள்ளே தண்ணீர் ஊறாப் பூச்சு. கண்ணாடிக் கதவு. பூட்டு.
செய்ய வேண்டியது: மண், விளக்கு, பூச்சு மணம் போகவிடல்.

மச்சான் என்று முழுதும் எழுதக் கை நோகிறது. இனி ம. அவனுக்கு ஓர் எழுத்துப் போதும்.

பெப்ரவரி 10, செவ்வாய்

கார்த்தி வீடு பார்க்கக் கல்கரி போய்விட்டான். ஒரு கிழமைக்கு ஜமீன் என் பொறுப்பு.

மண்ணும் மணலும் கலந்து இரண்டடி ஆழத்துக்குக் கொட்டினேன். வளை தோண்டுமாம். ம. கதிரையில் இருந்து, "இன்னும் போடு, இன்னும் போடு" என்றான். ஒரு மூட்டை தூக்கவில்லை. இடுப்பு நோவாம். என் இடுப்பு?

விளக்கு. கார்த்தி சொல்லிவிட்டுப் போனது: ஹாலஜன் விளக்கு மூன்று, கீழே தட்டைக் கல், கல் அறுபது பாகை சுட வேண்டும். மூன்றையும் போட்டுக் கல்லில் கை வைத்தேன். அம்மோ! உள்ளங்கை சிவந்துவிட்டது. ஓர் உயிரை இதில் படுக்க வைப்பதா? பிள்ளை எண்ணை மாற்றிச் சொல்லியிருப்பான்.

இரண்டைக் கழற்றி, மற்றதை உயர்த்திக் கட்டினேன். இப்போது கைக்கு இதமான சூடு. எனக்கே ஏறிப் படுக்க ஆசை.

ஜமீனை விட்டேன். பெயர்ப்பலகை மாட்டினேன். ம. நெடுநேரம் அதைப் பார்த்தான். "ஆர் எழுதினது?"

"நான்."

எழும்பி வந்து 'ஜ'வை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தான். இன்றைக்கு எனக்கு அது போதும்.

பெப்ரவரி 12, வியாழன்

ஜமீன் சாப்பிடவில்லை. தீனிக்கு விட்ட கரப்பான் மூக்குக்கு மேலால் நடந்து போகிறது, பார்த்துக்கொண்டு கிடக்கிறது. முட்டை வைத்தேன். இல்லை.

ம. வந்ததும் எழும்பிக் கண்ணாடியைச் சுரண்டத் தொடங்கியது. திறந்தால் நேரே அவன் வயிறு. நான் செய்த எட்டடி மாளிகை வேண்டாம். அவனுடைய வயிறு வேண்டும்.

போகும்போது ஜமீனைப் பிரித்தெடுக்க முடியவில்லை. நான்கு காலாலும் சுவெற்றரை இறுக்கிப் பிடித்திருந்தது. ஒவ்வொரு நகமாக நான்தான் கழற்றினேன். நான்தான்!

"என்னோடை வரப்போறியோ, ராசா?" என்றான் ம.

பவளம், "இதைக் கறி காய்ச்சித் திண்ட வாய் உங்கடை வாய், அண்ணை. அது தெரியாமல் கட்டிப்பிடிக்குது."

அவனைப் பவளம் பகிடி பண்ணியது இந்தக் கிழமையில் இதுதான் முதல் தடவை. தேதி போட்டு எழுதி வைக்கிறேன்.

பெப்ரவரி 14, சனி

கண்டுபிடித்துவிட்டேன்.

ம. குனிந்து சப்பாத்துப் போட்டான். சுவெற்றர் மேலே போனது. உள்ளே வயிற்றைச் சுற்றி ஒரு பட்டி. சின்னச் சிவப்பு வெளிச்சம்.

"உது என்ன?"

"இடுப்பு நோவுக்கு. பற்றரியிலை சூடாகும். தங்கச்சி வாங்கித் தந்தவள்."

பவளத்தைப் பார்த்தேன். அவள் யன்னலால் பனியைப் பார்த்தாள்.

"எனக்கும் இடுப்பு நோ இருக்கு."

"உங்களுக்குத்தான் எண்ணெய் இருக்கே" என்றாள்.

ஆக, ஜமீனை இழுத்தது அந்தப் பட்டி! அதுவும் என் பெண்சாதி வாங்கிக் கொடுத்த பட்டி. இரண்டு விதத்தில் எரிகிறது.

பெப்ரவரி 15, ஞாயிறு

வெயில். பனியில் கண் கூசுகிறது.

சுடுதண்ணீர்ப் பை. சுவெற்றருக்குள் வைத்து, மேலே இன்னொரு சுவெற்றர். ம. வரமுன் போய்க் கதிரையில் இருந்தேன்.

ஜமீன் வந்தது. என்னிடம்! என் காலில் ஏறி, என் வயிற்றில் படுத்து, தாடையை என் நெஞ்சில் வைத்தது. என்ன பாரம். மூச்சு விடவே பயந்தேன். நான் வேண்டும் என்று இன்னொரு உயிர் என் மேல் படுத்து எத்தனை காலம்.

ம. படியில் நின்றபடி நின்றான். முகம் போன போக்கு! பிறகு, "என்ன மச்சான், வயிறு வைச்சிட்டுது?"

"நல்ல சாப்பாடு."

சந்தேகப்படுகிறான். படட்டும். இரவுச் சாப்பாட்டில் இரண்டு தோசை கூடச் சாப்பிட்டேன்.

ஜமீன் மட்டும் இன்றும் ஒன்றும் தின்னவில்லை.

பெப்ரவரி 18, புதன்

கார்த்தி வந்துவிட்டான். அவனுக்குக் காட்டவென்று பையோடு இருந்தேன். ஜமீன் ஏறியது. ஏறும்போது நகம் பையில் இறங்கிவிட்டது. வெதுவெதுப்பாகத் தண்ணீர், வயிற்றால், காலால், தரையால்.

ம. சத்தம் போட்டான்: "பவளம், ஓடி வா! உன்ரை மனுசன் மூத்திரம் பெய்திட்டான்!"

கார்த்தி முதலில் சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை. ஜமீனின் வால் அடியைத் தடவிப் பார்த்தான். மெலிந்திருக்கிறது. சூடு அளக்கிற கருவியை, கைத்துவக்குப் போல ஒன்று, கல்லை நோக்கிப் பிடித்தான். முப்பத்து நான்கு பாகை.

"தாத்தா, அறுபது சொன்னேனே?"

"கை சுட்டது, தம்பி."

"உங்க கைக்குச் சுடும். அவனுக்கு அதுதாங்க வேணும். இல்லன்னா தின்னது செரிக்காது. அதான் தின்னல. உங்க மேல ஆசைப்பட்டு ஏறல தாத்தா. குளிருது, ஏறுறான்."

ம. சுவெற்றரைக் கீழே இழுத்துவிட்டான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

"சூடு சரியா வைச்சால்?" என்று கேட்டேன்.

"யார் மடிக்கும் வர மாட்டான். வரத் தேவையில்லையே."

எல்லாரும் மேலே போனபின் தனியே நின்றேன். விளக்கைக் கொஞ்சம் மட்டும் இறக்கினால் என்ன என்று ஒரு நினைப்பு. கொஞ்சம் தின்னும், கொஞ்சம் என்னிடம் வரும். ஜமீன் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு என்னைப் பார்த்தது. என்னையா, வயிற்றையா.

மூன்று விளக்கும் போட்டேன். நன்றாக இறக்கிக் கட்டினேன். துவக்கு அறுபது காட்டும்வரை.

பெப்ரவரி 21, சனி

பனி உருகித் தாழ்வாரத்தால் சொட்டுகிறது. வகுப்புக்குப் போகவில்லை.

ஜமீன் நேற்று மூன்று கரப்பான். இன்று முட்டை முழுதும், பிறகு கரப்பான் கணக்கில்லை. கல்லுக்குப் பின்னால் வளை தோண்டிவிட்டது. என் மண்ணில்! பாதி மண் கண்ணாடியில்.

கார்த்தி, "இவனை இனி அசைக்க வேண்டாங்க. இங்கேயே இருக்கட்டும்" என்றான். ஜமீன் எனக்கு. வென்றுவிட்டேன்.

கதவைத் திறந்து கையை நீட்டினேன். என் கையைச் சுற்றிப் போய்க் கல்லில் ஏறியது.

ம. இனி வரமாட்டான் என்று நினைத்தேன். வந்தான். பட்டி கட்டவில்லை. தன் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தான். நான் பக்கத்தில். பவளம் ஒரே தட்டில் இரண்டு தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். எனக்கு முதலில் நீட்டினாள் போல இருந்தது. உறுதியாகச் சொல்ல முடியாது.

ஜமீன் விளக்கின் கீழே துணி விரித்ததுபோலத் தட்டையாகக் கிடந்தது. தாடை கல்லில். எங்களை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

ம. தேத்தண்ணீரைக் குடித்து முடித்துக் கோப்பையைத் தரையில் வைத்தான். பிறகு, "மச்சான், எனக்குச் சரியான எரிச்சலாக் கிடக்கு."

"என்னிலையோ?"

"உன்னிலை என்னத்துக்கு? அந்தக் கல்லிலை."

இதை நான் நேற்றே நினைத்து, இன்று இங்கே எழுதவென்று வைத்திருந்தேன். அவன் முந்திவிட்டான்.