தட்டிப் பார்த்த வார்த்தைகள்

இன்று காலை இரண்டு பீங்கான் கப்புகளைக் கழுவித் துடைத்துப் பைக்குள் வைக்கும்போது அவை ஒன்றோடு ஒன்று இடித்துக்கொண்டன. 'ணங்' என்று ஒரு சத்தம். நான் அப்படியே நின்றுவிட்டேன். அந்தச் சத்தம் கேட்டால் நீ தலையை ஒரு பக்கம் சாய்த்து, "நல்லது" என்று சொல்வாய். அதற்காகக் காத்திருந்தேன் போல.

"என்னாடி, கப்பக் கையில வெச்சிக்கிட்டு அப்படியே நிக்கற? ஸ்கூலுக்குப் பெல் அடிச்சிடுவாங்க" என்று அம்மா சத்தம் போட்ட பிறகுதான் நகர்ந்தேன்.

அந்தக் கப்புகளைக் கொடுத்தது உன் அம்மா. போன வாரம் அவர்கள் வேலை செய்யும் பீங்கான் கம்பெனிக்குப் போயிருந்தேன். இரண்டு கப்பு வேண்டும் என்று கேட்டு, எதற்கு என்றும் சொன்னதும் உன் அம்மா குவியலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டித் தட்டி ஒதுக்கினார்கள். கடைசியில் இரண்டை மட்டும் முந்தானையில் துடைத்து நீட்டினார்கள். "இத எடுத்துக்க பாப்பா. இது ரெண்டும் நல்லாப் பேசும்."

உனக்கு அந்த ஒன்பதாம் வகுப்பு வெள்ளிக்கிழமை நினைவிருக்கிறதா? டீச்சர் கரும்பலகையில் 'லைட்' என்று இங்கிலீஷில் எழுதி, இதே ஓசையில் முடிகிற வார்த்தைகளையும் அவற்றின் அர்த்தத்தையும் சொல்லச் சொன்னார். நான் முதல் பெஞ்சில் அகராதியைப் பிரித்துவைத்துத் திணறிக்கொண்டிருந்தேன். அகராதி முழுவதும் வார்த்தைகள் முதல் எழுத்தை வைத்து அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரே ஓசையில் முடிகிறவற்றை எந்தப் பக்கத்தில் தேடுவது? தமிழில் எதுகைக்கு இரண்டாம் எழுத்தைப் பார்த்தே பழகியவள் நான். இவர்கள் வாலைப் பிடித்துக்கொண்டு நடக்கச் சொல்கிறார்களே என்று எனக்குக் கோபமாக வந்தது.

அப்போது கடைசி பெஞ்சிலிருந்து விரல் முட்டியால் மரத்தைத் தட்டுகிற சத்தம். தட்டுக்கு ஒரு வார்த்தையாக வந்தது. "நைட், ரைட், கைட், டைட், ஃபைட், வொயிட்…" நீதான். ஒவ்வொரு பரீட்சையிலும் இங்கிலீஷில் ஃபெயிலாகிற நீ. காதில் விழுகிறபடியே எழுதி, பேப்பர் முழுக்கச் சிவப்பு மை வாங்குகிற நீ.

"அர்த்தம்?" என்றார் டீச்சர்.

"அது தெரியாது டீச்சர். சத்தம் மட்டுந்தான் தெரியும்."

வகுப்பே சிரித்தது. நீயும் சேர்ந்து சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்டர்வெல்லில் குழாயடியில் உன்னைப் பிடித்துக்கொண்டு, "எப்படிடி கண்டுபுடிக்கற?" என்று கேட்டேன். ஏதோ வீட்டுக்குக் கூப்பிடுகிற மாதிரி, "சாயங்காலம் எங்கம்மா வேலை செய்யற எடத்துக்கு வா. காட்டறேன்" என்றாய்.

பீங்கான் கம்பெனிகளைத் தாண்டித்தான் நான் தினமும் போகிறேன். உள்ளே போனது அன்றுதான். சூளையிலிருந்து இறக்கிய கப்புகள் வைக்கோல் மேல் குவிந்திருந்தன. உன் அம்மாவும் மற்றப் பெண்களும் சுற்றி உட்கார்ந்து, கைக்கு ஒன்றாக எடுத்து இரண்டையும் லேசாகத் தட்டினார்கள். 'ணங்' என்றால் இந்தப் பக்கம். 'டப்' என்றால் அந்தப் பக்கம். அவர்கள் கப்பைப் பார்க்கக்கூட இல்லை. பேச்சு ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். காது மட்டும் கையில் இருந்தது.

"கண்ணுக்கு எல்லாமே நல்லாத்தான் தெரியும்" என்று ஒரு கப்பை என் மூக்குக்கு நேராக நீட்டினாய். "உள்ள மயிராட்டம் ஒரு கிராக் இருந்தாலும் சத்தம் மாட்டி வுட்டுடும். வார்த்தையும் அப்படித்தான். ரெண்டு ரெண்டா எடுத்துத் தட்டணும்."

நான் உன்னைச் சோதித்தேன். கடைசி மூன்று இங்கிலீஷ் எழுத்துகளும் ஒன்றாக இருக்கிற இரண்டு வார்த்தைகளை வைக்கோல் தூசியில் எழுதினேன். கம், ஹோம்.

"டப்பு" என்றாய் உடனே.

எழுத்தில் ஒட்டும் உறவும் இல்லாத இரண்டைச் சொன்னேன். ஷூ, ப்ளூ.

"ணங்கு!"

உன் அம்மா தலை நிமிராமலே, "ரெண்டும் என்னாத்தடி பேசிக்கிறீங்க, கோழி கொத்தறாப்புல?" என்றார்கள். பக்கத்திலிருந்த பெண், "இங்கிலீசுக்கா. உன் மவ இங்கிலீசையும் தரம் பிரிக்கறா" என்று சொல்ல, ஷெட்டு முழுக்கச் சிரிப்பு.

அன்றிலிருந்து நம் ஒப்பந்தம் தொடங்கியது. ஓசை உன் வேலை, அர்த்தம் என் வேலை. கேட்டுக்குப் பக்கத்தில் உடைந்த கப்புகள் கொட்டிக்கிடக்கும் மேட்டில் உட்கார்ந்துகொள்வோம். நீ 'கிராக்' என்று தொடங்கி 'பிளாக், டிராக், லாக்' என்று அடுக்குவாய். நான் 'லாக் என்றால் இல்லாமை, குறை' என்பேன். வெறும் அர்த்தம் உனக்குப் போதாது. "எங்க பாத்தா அது லாக்கு?" என்பாய். "உன் சோத்து டப்பாவுல முட்ட இல்ல, அதான் லாக்கு" என்றால்தான் உனக்கு மனதில் உட்காரும். 'ட்யூ' என்றால் பனித்துளி என்று சொன்னபோது நீ எழுந்துபோய், காயவைத்திருந்த பச்சை மண் கப்பின் மேல் நின்றிருந்த நீர்ப்பொட்டைக் காட்டி, "இதா?" என்று கேட்டாய். இப்போதும் அந்த வார்த்தையைப் படித்தால் எனக்குப் புல் தெரிவதில்லை. சுடாத களிமண் கப்புதான் தெரிகிறது.

ஒரு சாயங்காலம் உன் அம்மாவே என்னிடம் சொன்னார்கள். "பாப்பா, நீ படிக்கிற பொண்ணு. இவளப் போட்டுக் கொழப்பாத. எல்லாப் பரீட்சையிலயும் இங்கிலீசுல போயிடறா. பத்தாவதுலயும் போயிட்டா என்னா பண்றது? இந்த வருசத்தோட நிறுத்திடலாம்னு இருக்கேன். சூப்பர்வைசர்கிட்ட சொல்லி வெச்சிட்டேன். என் பக்கத்துலயே ஒரு எடம் இருக்குது."

"அவளுக்கு இங்கிலீஷ் வரும்மா" என்றேன்.

"வருதுன்னா மார்க்குல தெரியணுமில்ல?"

நீ உடைந்த கப்பின் காதைத் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தாய். அன்று வழியெல்லாம் ஒரு வார்த்தையைக்கூட நீ தட்டவில்லை.

அந்த நேரத்தில்தான் கடலூர் ரோட்டில் இருக்கும் மெட்ரிக் பள்ளியில் இங்கிலீஷ் ஓசை வார்த்தைப் போட்டி என்று அறிவித்தார்கள். பள்ளிக்கு இரண்டு பேர் ஜோடியாக வர வேண்டும். ஒருவர் ஒரே ஓசையில் முடியும் வார்த்தை சொல்ல வேண்டும், மற்றவர் அர்த்தம் சொல்ல வேண்டும். நமக்காகவே செய்தது போல இருந்தது. டீச்சரிடம் உன் பெயரைச் சொன்னதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இங்கிலீஷ்ல ஃபெயிலான பொண்ணையா கூட்டிட்டுப் போற?"

"அவ இல்லாம நான் போகல டீச்சர்."

நான் டீச்சரிடம் அப்படிப் பேசியது அதுவே முதல் முறை. அவர் பேனாவை மறுபடி எடுத்து உன் பெயரை எழுதினார். நான் வெளியே வந்ததும், வாசலில் கேட்டுக்கொண்டு நின்ற நீ என் தாவணியைப் பிடித்து இழுத்து, "எங்கம்மாவ வரச் சொல்லப் போறேன்டி. வந்து காதால கேக்கட்டும்" என்றாய். எதற்காக அந்த மேடையில் நிற்கப் போகிறோம் என்பது அப்போதே இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது.

வேப்பூர், ஸ்ரீமுஷ்ணம், மங்கலம்பேட்டை என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் டை கட்டிய பிள்ளைகள் வந்திருந்தார்கள். நாம் மட்டும்தான் தாவணி. உன் அம்மா வேலையிலிருந்து நேராக வந்து, சேலையில் வெள்ளைப் பீங்கான் மாவு படிந்தபடியே கடைசி வரிசையில் சுவரோரமாக நின்றார்கள். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

முதல் சுற்றுகளில் நீ மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னாய், நான் அர்த்தம் சொன்னேன். நாம் முன்னால் போய்க்கொண்டிருந்தோம். அப்போதுதான் ஒரு பள்ளியின் வாத்தியார் எழுந்து, "சார், அந்தப் பொண்ணு மேசையத் தட்டி சிக்னல் குடுக்குது" என்றார். என் காது சூடாகிவிட்டது. நடுவர் உன்னைப் பார்த்து, "என்னம்மா தட்டுற?" என்று கேட்டார்.

நான் இங்கிலீஷில் விளக்கத் தொடங்கி, பாதி வாக்கியத்தில் சிக்கி நின்றுவிட்டேன். நீ நேராக நடுவர்களின் மேசைக்குப் போனாய். அவர்கள் டீ குடித்து முடித்த கப்புகள் அங்கே இருந்தன.

"சார், இந்த ரெண்டு கப்ப எடுத்துக்கட்டுங்களா?"

எடுத்துத் தட்டினாய். 'டப்' என்றது. உன் முகம் மாறியது. வேறொன்றை எடுத்துத் தட்டினாய். 'ணங்.'

"சார், மொதல்ல இந்தக் கப்ப மாத்திடுங்க. உள்ள கிராக்கு இருக்குது. என்னைக்காவது சூடா ஊத்தும்போது கையில ஒழுகிடும்."

நடுவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கைப்பிடிக்குக் கீழே மெல்லிய கோடு. சிரித்துவிட்டார். மண்டபமும் சிரித்தது.

"எங்கம்மா பீங்கான் கம்பெனியில இப்படித் தட்டித்தாங்க தரம் பிரிக்கறாங்க. அதோ நிக்கறாங்க. நான் வார்த்தைய அப்படித் தட்டிப் பாக்கறேன். சிக்னலெல்லாம் இல்லீங்க."

எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பின. உன் அம்மா சேலை மாவைத் தட்டிவிடப் போய், பிறகு கையை எடுத்துவிட்டு, அப்படியே நிமிர்ந்து நின்றார்கள். அந்த நிமிர்வை நான் பார்த்தேன்.

இருந்தாலும் நடுவர், "நான் நம்பறேன்மா. ஆனா மத்தவங்களுக்குச் சந்தேகம் வரக்கூடாது பாரு. இனிமே கையைக் கட்டிக்கிட்டுச் சொல்லு" என்றார். நீ கையைக் கட்டிக்கொண்டாய். கட்டிய கைக்குள் உன் விரல் அசைய முடியாமல் துடிப்பது எனக்குத் தெரிந்தது. அடுத்த சுற்றில் இரண்டு வார்த்தைகள் உனக்கு வராமல் போயின. நம் முன்னிலை போய்விட்டது.

கடைசி வார்த்தை 'மந்த்'. மாதம் என்று அர்த்தம் சொல்வது எனக்கு ஒரு நொடி வேலை. மங்கலம்பேட்டையிலிருந்து வந்த ஜோடி முதலில் 'ஃப்ரன்ட்' என்றது. பிறகு நம் முறை. நீ கண்ணை மூடிக்கொண்டாய். உதடு மட்டும் அசைந்தது. நேரம் போய்க்கொண்டிருந்தது. "தெரியலன்னு பாஸ் சொல்லிடலாம்டி" என்று முணுமுணுத்தேன். நீ கண்ணைத் திறந்தாய்.

"இல்லீங்க சார்."

"பாஸ்ங்கறியாம்மா?"

"பாஸ் இல்லீங்க. இந்த வார்த்தைக்கு ஜோடியே இல்லீங்க."

"அவங்க ஃப்ரன்ட்னு சொன்னாங்களே?"

"கிட்ட வருதுங்க சார். கிட்ட வந்தாப் பத்தாதுங்க. கிராக்கு வுட்ட கப்பும் கிட்டத்தட்ட நல்ல கப்புதானுங்க."

நடுவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். அகராதியை எத்தனை முறை புரட்டினாலும் 'இல்லை' என்ற பதில் எனக்குக் கிடைத்திருக்காது. தட்டாமல், கையைக் கட்டிக்கொண்டு, காதை மட்டும் நம்பி நீ அதைச் சொன்னாய். உன் பக்கத்தில் நின்றிருந்தேன் என்பதுதான் இன்றுவரை என் பெருமை.

இழந்த மதிப்பெண்ணை முழுவதும் மீட்க முடியவில்லை. நாம் இரண்டாவது. வெளியே வந்ததும் உன் அம்மாவின் முன்னால் போய்த் தலையைக் குனிந்துகொண்டு, "ரெண்டாவதும்மா" என்றாய். அழப் போகிறாய் என்று நினைத்தேன்.

உன் அம்மா உன் தாடையைப் பிடித்து நிமிர்த்தினார்கள். "அவங்க எத்தனாவது வெச்சா என்னா? நான்தான் கேட்டுக்கிட்டே நின்னேனே." பிறகு என் பக்கம் திரும்பி, வேறு யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்கள். "சூப்பர்வைசர்கிட்ட நாளைக்குச் சொல்லிடறேன் பாப்பா. அந்த எடத்துக்கு வேற ஆளப் பாத்துக்கட்டும்."

வழியெல்லாம் நீ தட்டிக்கொண்டே வந்தாய். தபால் பெட்டி, விளக்குக் கம்பம், என் முதுகு என்று எதையும் விடவில்லை.

பத்தாவதில் நீ இங்கிலீஷில் பாஸ். எழுத்தைச் சரியாக்க நாம் பட்ட பாடு தனிக்கதை. மார்க் பார்த்த அன்று உன் அம்மா கம்பெனி முழுக்க மிட்டாய் கொடுத்தார்கள். பதினொன்றாம் வகுப்பில் என் பக்கத்தில், முதல் பெஞ்சில் உட்கார்ந்தாய். அந்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி வரை கொண்டுபோனார்கள். நான் பார்க்க வந்தபோது உன்னால் பேச முடியவில்லை. கட்டில் கம்பியில் விரலை வைத்து ஒரு தட்டு தட்டிவிட்டு என்னைப் பார்த்தாய். நான் திரும்பித் தட்டினேன். அதன் பிறகு உன்னை நான் உயிரோடு பார்க்கவில்லை.

இப்போது நான் பிளஸ் டூ. நம் பள்ளியிலேயே சின்னப் பிள்ளைகளுக்கு அந்தப் போட்டியை நடத்த வேண்டும் என்று கேட்டேன். டீச்சர் உடனே சரி என்றார், விதிகளையும் என்னையே எழுதச் சொன்னார். இன்று மதியம் மேடையில் நின்று வாசித்தேன். கடைசி விதி இதுதான்: 'போட்டியாளர்கள் தட்டிப் பார்த்துச் சொல்லலாம்.'

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "என்னாத்தக்கா தட்டறது?"

பையிலிருந்து உன் அம்மா கொடுத்த கப்புகளை எடுத்தேன். மண்டபத்தில் இரைச்சல். ஒரே ஒரு முறை தட்டினேன். சத்தம் கடைசி பெஞ்சு வரை போனது. எல்லாரும் அமைதியாகிவிட்டார்கள். உன் அம்மா சொன்னது சரிதான், அவை நன்றாகப் பேசின. அதன் பிறகு சாயங்காலம் வரை மண்டபம் முழுக்க மேசைகள் தட்டப்படும் சத்தம். டீச்சர் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். டீக்காரர் எட்டிப் பார்த்து, "என்னாங்க, ஸ்கூலுக்குள்ள தச்சு வேலையா?" என்று கேட்டார்.

லைட் கேட்டேன். ப்ளூ கேட்டேன். கிராக் கேட்டேன், 'லாக்' என்று ஒரு பெண் சொன்னபோது, "எங்க பாத்தா?" என்று அவளைத் திருப்பிக் கேட்டேன்.

மந்த் மட்டும் கேட்கவில்லை. அது நீ சொன்ன பதிலோடு அப்படியே இருக்கட்டும்.